இரும்பு குறையாத சோகை

என் அம்மாவின் எலும்பு மஜ்ஜையை முதன்முதலில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. துக்கம் பிறகு வந்தது, அது வேறு. ஆனால் அந்த முதல் சில நிமிடங்களில், இளஞ்சிவப்பு உட்கருக்களைச் சுற்றி வளையம் வளையமாக நின்ற அந்த நீலப் புள்ளிகளைக் கண்டதும், "எவ்வளவு சுத்தமா ஸ்டெய்ன் ஆகியிருக்கு!" என்றுதான் மனசு துள்ளியது. இதை நான் என் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. பெற்ற தாயின் நோயைப் பார்த்து மகள் ரசித்தாள் என்றால் யார் என்ன நினைப்பார்கள்? இப்போது எழுதுகிறேன். அந்த ரசனை இல்லாதிருந்தால் அம்மாவுக்கு நடந்துகொண்டிருப்பது என்ன என்று நான் இவ்வளவு தூரம் தேடிப் படித்திருக்க மாட்டேன்.

நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் லேப் டெக்னீஷியன். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் யாராவது வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினால், ஒரே பேச்சுதான்: "ரத்தம் ஊறல." உடனே ரத்தம் ஊற வைக்கும் வேலை தொடங்கிவிடும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, ஆட்டு ஈரல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்போம். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் பெரியாளான பெண்ணுக்கும் மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வயதான சிவப்பணுக்கள் உடைக்கப்பட்டு அவற்றின் இரும்பு மீட்கப்படும் முக்கியமான இடங்களில் ஒன்று மண்ணீரல். இரும்புச் சத்து இல்லாமல் சோகை பிடித்த ஏழைப் பெண்களுக்கு அது நல்ல உணவு. நம் நாட்டில் சோகைக்குப் பெரும் காரணமும் அந்தக் குறைதான்.

அம்மாவுக்கு எழுபது தாண்டியபின் மூச்சு வாங்கத் தொடங்கியது. சித்தி சுவரொட்டியோடு வந்துவிட்டாள். நான் ரத்தக் குழாயோடு போனேன். ஹீமோகுளோபின் 6.8. ஆனால் சிவப்பணுவின் சராசரி அளவு 104 என்று கருவி காட்டியது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், 80க்குக் கீழே இறங்கும். அம்மாவுக்குப் பெருத்திருந்தது. முதல் சந்தேகம் பி12 பக்கம் போனது. டாக்டர் ஊசி எழுதினார். பி12 குறைதான் காரணமென்றால் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் குபீரென்று கூடும். அதை எண்ணிப் பார்க்கும் வேலை என்னுடையது.

இளம் சிவப்பணுவுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். எண்ணுவது எளிதுதான், பொறுமை வேண்டும். உறையாமல் எடுத்த ரத்தத்தில் சில சொட்டும், நியூ மெத்திலீன் புளூ என்ற சாயத்தில் அதே அளவும் ஒரு சின்னக் குழாயில் கலந்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். அணுக்கள் உயிரோடு இருக்கும்போதே சாயம் உள்ளே போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பிறகு ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸை இறக்கினால், முதிர்ந்த சிவப்பணுக்கள் வெறுமையாக, வெளிர்பச்சை கலந்த நீலத்தில் தெரியும். நடுநடுவே சிலவற்றில் மட்டும் கருநீல இழைகள் சிக்குப் பிடித்ததுபோல் கிடக்கும். அவைதான் இளசு. ஆயிரம் அணு எண்ணினால் ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை இருக்கலாம். ஊசிக்குப் பிறகு அம்மாவின் ஸ்லைடில் எண்ணினேன். எட்டைத் தாண்டவில்லை. இவ்வளவு சோகையில் மஜ்ஜை முழு மூச்சாக வேலை செய்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கருநீல இழை என்ன என்று படிக்கிற காலத்தில் மனப்பாடமாக எழுதியிருக்கிறேன்: ரைபோசோமின் மிச்சம், ஆர்.என்.ஏ. மிச்சம். ஆனால் இந்த அணுவுக்குள் இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. மைட்டோகாண்ட்ரியா. உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு உயிரணுவுக்கு ஆற்றல் உண்டாக்கும் உறுப்பு. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் மட்டும் ஒன்றுகூட இராது. மஜ்ஜையை விட்டு வெளியே வரும் இளசில் கொஞ்சம் இருக்கும். ரத்தத்துக்குள் வந்து ஓரிரு நாளில் அதுவும் போய்விடும். எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள்? தினமும் எண்ணிய எனக்கு இந்தக் கேள்வி அம்மாவின் நோய் வரும்வரை தோன்றவில்லை.

இதற்கும் முன்னால் உட்கரு போக வேண்டும். மஜ்ஜைக்குள் வளரும் சிவப்பணுக்கள் ஒரு பெருவிழுங்கி அணுவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. பாரிஸில் மார்செல் பெஸிஸ் 1958ல் இதை விவரித்தார். உட்கருவைச் சிவப்பணு வெளியே தள்ளியதும் நடுவில் இருக்கும் பெருவிழுங்கி அதை எடுத்து விழுங்கிச் செரித்துவிடுகிறது. எல்லா உயிருக்கும் இப்படி இல்லை. கல்லூரியில் ஒருநாள் ஆசிரியை ஒரு ஸ்லைடைக் கொடுத்து என்னவென்று கேட்டார். முட்டை வடிவில் சிவப்பணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு. வகுப்பே திகைத்தது. கோழி ரத்தம். பறவைகள் உட்கருவையும் வைத்துக்கொள்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவையும் வைத்துக்கொள்கின்றன, அதோடு பறக்கவும் செய்கின்றன. பாலூட்டிகள்தான் இரண்டையும் துறந்து, உள்ளே ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, நடுவில் குழிந்த தட்டாக மாறி, மிகக் குறுகிய தந்துகிக்குள்ளும் வளைந்து நெளிந்து போகிற அணுவை உண்டாக்கிக்கொண்டன. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட அணுக்கள் விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் நமக்குள் உருவாகின்றன. நான் ஒரு ஸ்லைடை நுண்ணோக்கியின் மேடையில் வைத்து ஃபோகஸ் செய்யும் நேரத்தில் ஒரு கோடியாவது ஆகிவிடும்.

பி12 பலிக்காததால் மஜ்ஜை எடுக்கச் சொன்னார்கள். அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் பின்மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். நான் அந்த அறையில் இல்லை. ஸ்லைடு என் மேசைக்கு வந்தது. இரும்புச் சாயம் போட வேண்டும் என்று எங்கள் நோயியல் நிபுணர் மேடம் எழுதியிருந்தார். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். நானே செய்கிறேன் என்றேன்.

பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்போதைக்கப்போது கலந்து ஊற்ற வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் அமிலத்தில் கழுவியதாக இருக்க வேண்டும், இரும்பு இடுக்கி படக் கூடாது, குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. துரு ஒரு துளி பட்டாலும் அதுவும் நீலமாகி நம்மை ஏமாற்றும். அன்றைக்கு ஒவ்வொரு படியையும் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தேன். மேல்சாயம் போட்டுக் கழுவிக் காயவைத்து லென்ஸில் பார்த்தபோதுதான் முதலில் சொன்னேனே, அந்த மகிழ்ச்சி.

வளரும் சிவப்பணுக்களில் ஒன்றிரண்டு நீலப்புள்ளி சிதறிக் கிடப்பது சகஜம். அம்மாவின் அணுக்களில் ஐந்து, பத்து என்று புள்ளிகள் உட்கருவை ஒட்டி வளைத்து நின்றன. ஐந்துக்குக் குறையாத புள்ளிகள் உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது சூழ்ந்திருந்தால் அதை வளைய சிடரோபிளாஸ்ட் என்று எண்ணுவோம். வளரும் சிவப்பணுக்கள் நூற்றில் பதினைந்து அப்படி இருந்தாலே நோய்க்கு அடையாளம். அம்மாவுக்குப் பாதிக்கும் மேல். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மைட்டோகாண்ட்ரியா. உள்ளே இரும்பு அடைத்துக்கொண்டதால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரண நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவை அப்படித் தனித்தனியாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேடம் பார்த்துவிட்டு அம்மாவை வரச்சொல்லிக் கேள்விகள் கேட்டார். டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டீர்களா? ஐசோநியாசிட் என்ற மருந்து பி6 வைட்டமினைக் கெடுத்து இதே வளையங்களை உண்டாக்கும். ரசம் வைப்பது ஈயச் சொம்பிலா? நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம், அதனால் கெடுதல் இல்லை. காரீயம் கலந்திருந்தால் ஹீம் உண்டாகும் படிகளில் இரண்டை அது அடைத்துவிடும். மது? அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். எதுவும் இல்லை. பி6 மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. மரபணுப் பரிசோதனையில் எஸ்எஃப்3பி1 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. இந்த வகை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த மாற்றம்தான் இருக்கிறது என்று 2011ல் கண்டுபிடித்தார்கள். மஜ்ஜையில் ஏதோ ஒரு குருத்தணுவில், வயதான காலத்தில் ஏற்பட்டுப் பெருகுகிற மாற்றம் இது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒனக்கும் வருமாட்டி?" வராதும்மா, இது பரம்பரையா வாரது இல்ல என்றேன். அவள் முகம் தெளிந்தது. இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு நாள் பிடித்தது. "ஒடம்புல இரும்பு நெறையக் கெடக்குங்கியே. பொறவு ரத்தம் ஏன் ஊறல?"

ஹீம் என்பது ஹீமோகுளோபினின் சிவப்பான பகுதி, ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது. அதைச் செய்யும் முதல் படியும் கடைசிப் படியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கின்றன. இரும்பை அதில் பொருத்துவது அந்தக் கடைசிப் படி. ஆகவே சிவப்பணு வளரும் காலத்தில் மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் முடியாது. வளர்ந்து முடிந்தபிறகோ அது இருக்கக் கூடாது. இருந்தால், நுரையீரலிலிருந்து கொண்டுபோகிற ஆக்சிஜனை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜனும் இரும்பும் நெருங்கி இருக்கிற இடத்தில் தீவிர மூலக்கூறுகளை உண்டாக்கி அணுவின் சவ்வைப் பாழாக்கும். வேலை முடியும்வரை இருந்து, முடிந்ததும் முழுதாகப் போய்விட வேண்டும். என் அப்பா சென்ட்ரிங் வேலை பார்த்தவர். தளம் போட்டதும் பலகையைச் சீக்கிரம் பிரித்தால் தளம் இறங்கிவிடும், பிரிக்காமலே விட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. இதை வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே, "அப்பம் எனக்குப் பலகையப் பிரிக்க ஆளில்லங்கியா?" என்றாள். அதுகூட இல்லம்மா, ஒனக்குக் கம்பி பூராவும் பலகையிலயே சிக்கிக் கெடக்கு, தளத்துக்குப் போய்ச் சேரல, கட்டடம் பாதியிலயே விழுந்துருது என்றேன். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். அந்த மரபணு மாற்றத்தால் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இரும்பு-கந்தகச் சரக்கை வெளியே கடத்துகிற ஒரு புரதம் குறைந்துபோகிறது. இரும்பு உள்ளே தேங்குகிறது. அணுக்களில் பல மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே மடிந்துவிடுகின்றன.

அம்மாவுக்குச் சொல்ல இது போதும். எனக்குப் போதவில்லை. பலகையை யார் பிரிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். ராத்திரி வேலை முடிந்து வந்தபின் படிப்பேன். சில நாள் ஒரு கட்டுரையில் ஒரு பக்கம்தான் புரியும்.

உயிரணு தன் பாகங்களைத் தானே விழுங்கிச் செரிப்பதற்கு 1963ல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டுவ். அது இயங்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்டுபிடித்த விதம் என்னைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் பதிகிற விஷயம். 1988ல், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கிய நேரம். ஈஸ்ட் அணுவுக்குள் இருக்கும் வேக்குவோல் என்ற செரிமான அறையில் அப்போது அதிகம் பேருக்கு அக்கறை இல்லை. அவர் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, உணவில்லாமல் பட்டினி போட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் வேக்குவோலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து துடித்து ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே கொண்டுவந்து போடும் வேலை நடக்கிறது, செரிக்கும் வேலை நின்றுவிட்டதால் சரக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அடைபட்டால்தான் அந்த ஓட்டம் தெரிகிறது. அம்மாவின் மஜ்ஜையில் நான் பார்த்த நீல வளையங்களும் அடைபட்டதால் தெரிந்தவைதான். ஒளி நுண்ணோக்கியில் கண் வைத்தே காலம் கழிப்பவள் நான். கண் வைத்துப் பார்ப்பதற்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்று அவர் கதையில்தான் முழுதாக உணர்ந்தேன்.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் குறிவைத்துச் செரிப்பது மைட்டோஃபேஜி. இதில் இரண்டு வழிகள் இருப்பதை அறிந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். ஒன்று, பழுதானதைக் கழிக்கும் வழி. பிங்க்1 என்ற புரதம் நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதுமே சிதைக்கப்பட்டுவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதாகி அதன் சவ்வில் மின்னழுத்தம் விழுந்துவிட்டால், பிங்க்1 உள்ளே போக முடியாமல் வெளித்தோலிலேயே குவியும். அது பார்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்கின் வந்து, இது கழிவு என்று அடையாளம் ஒட்டும். பிறகு இரட்டைச் சவ்வுப் பை ஒன்று வளர்ந்து அதை முழுதாகச் சூழ்ந்து, லைசோசோம் என்ற செரிமானப் பையிடம் கொண்டுபோய்ச் செரிக்க வைக்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பார்கின் போவதை 2008ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழு காட்டியது. இந்த இரண்டு புரதங்களின் மரபணுக்களில் ஒன்று கெட்டுப்போனவர்களுக்கு இளவயதிலேயே பார்கின்சன் நடுக்கம் வருகிறது.

சிவப்பணுவில் நடப்பது இரண்டாவது வழி. அங்கே மைட்டோகாண்ட்ரியா பழுதாக வேண்டியதில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருப்பதையே எடுக்கிறார்கள். சிவப்பணு முதிரும்போது நிக்ஸ் என்ற புரதம் பெருகி மைட்டோகாண்ட்ரியாவின் வெளித்தோலில் நின்று, அந்த இரட்டைச் சவ்வுப் பையைத் தானே பிடித்து இழுத்துக்கொள்கிறது. 2007லும் 2008லும் மெம்ஃபிஸிலும் ஹூஸ்டனிலும் இருந்த இரு குழுக்கள் நிக்ஸ் இல்லாத எலிகளை ஆராய்ந்தன. அவற்றின் ரத்தத்தில் ஓடிய சிவப்பணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா கழியாமல் கிடந்தன. அந்த அணுக்கள் அதிக நாள் உயிர் வாழவில்லை. எலிகளுக்குச் சோகை. இரும்பு இருந்தது, ஹீமோகுளோபின் உண்டானது, ஆனாலும் சோகை. கழிக்க முடியாததால் வந்த சோகை.

ஹெல்சிங்கியில் நடந்த ஓர் ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அதில் பிழைகள் வேகமாகச் சேரும்படி மாற்றிய எலிகள் சீக்கிரமே முதுமையடைந்து சோகையில் விழும். அவற்றின் சிவப்பணுக்கள் முதிரும்போது மைட்டோகாண்ட்ரியாவைக் கழிக்கத் தவறின, மண்ணீரல் அவற்றை முன்கூட்டியே உடைத்துவிட்டது என்று 2015ல் வெளியிட்டார்கள். இன்னும் மேலே, ரத்தம் முழுவதற்கும் மூலமான குருத்தணுவிலும் இதே கதை. குருத்தணு தன் மைட்டோகாண்ட்ரியாவைக் குறைவாக வைத்துக்கொண்டு அடங்கிக் கிடந்தால்தான் அதன் இளமை நிலைக்கும். கிழட்டு எலிகளின் ரத்தக் குருத்தணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கழிக்கும் வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தது, அவை மட்டும் இளம் குருத்தணுக்களைப் போலவே நடந்துகொண்டன என்று 2017ல் கலிஃபோர்னியாவில் கண்டார்கள். முதுமையைப் பற்றி நான் படித்ததிலேயே எனக்கு ஆறுதல் தந்த வரி அதுதான்.

இத்தனை படித்தபின் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. எங்கள் வீட்டில் அன்பு என்றால் போடுவதுதான். இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு துண்டு. நோயாளிக்கு இரண்டு பங்கு. வேண்டாம் என்று கையைத் தடுப்பது எங்கள் பக்கத்தில் பெரிய வன்மம். நானோ சித்தி கொண்டுவந்த சுவரொட்டியை அவள் கண்முன்னே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. "பெத்தவளுக்குச் சுவரொட்டி குடுக்காதேங்கியே, ஒங்க ஆஸ்பத்திரி இதத்தான் சொல்லிக் குடுத்துச்சா?" என்று சித்தி அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கு நான் எஸ்எஃப்3பி1 பற்றி என்ன சொல்ல? அந்தப் பேச்சு இன்னும் என்னை அறுக்கிறது. ஆனாலும் கொடுக்கவில்லை. டானிக் பாட்டிலையும் எடுத்துவிட்டேன்.

இரும்பைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்குத்தான் என்னை உறுதியாக நிற்க வைத்தது. நாம் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். ஆனால் தினமும் புதிய சிவப்பணுக்கள் செய்ய இருபதுக்கும் மேல் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது? 120 நாள் ஓடி முடித்த பழைய அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து, இரும்பை எடுத்து மறுபடி மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. நம் ரத்தம் பெரும்பாலும் பழைய ரத்தத்திலிருந்தே உருவாகிறது. இவ்வளவு சிக்கனமாக இரும்பைக் காப்பாற்றப் பழகிய உடம்புக்கு, மிதமிஞ்சிய இரும்பை வெளியேற்ற மட்டும் வழி தெரியாது. மைட்டோகாண்ட்ரியாவையும் உட்கருவையும் அவ்வளவு நுட்பமாகக் கழிக்கிற அதே உடம்பு, இந்த ஒன்றில் கைவிரித்துவிடுகிறது. அம்மாவுக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200, 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது. ரத்தம் ஏற்றாமலும் இருக்க முடியாது.

அதனால் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். முழுதாகக் கரையாது, வெண்மையாகக் கலங்கும். குடித்தபின் அடியில் ஒட்டியிருப்பதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்க வேண்டும். இரும்பைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோவது அதன் வேலை. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு சில மாதம் இறங்கும், ஏற்றிய பைகளின் எண்ணிக்கை கூடினால் மறுபடி ஏறும். நான் ஊருக்குப் போகிற நாளில் அந்தத் தம்ளரைக் கலக்கிக் கொடுப்பது என் வேலை. போடுவதையே அன்பாகக் கற்ற எனக்கு, எடுக்கிற மருந்தைக் கலக்கிக் கொடுக்கும்போது முதலில் கை கூசியது. இப்போது கூசவில்லை.

லஸ்பாட்டர்செப்ட் என்று ஒரு ஊசி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. வளரும் சிவப்பணுக்கள் பாதியில் மடியாமல் முதிர உதவுகிறது. இந்த நோய்க்கென்று 2020ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு ரத்தம் ஏற்றும் தேவையே நின்றிருக்கிறது. மேடம் அதைப் பற்றிச் சொன்ன அன்று தம்பியும் நானும் வெகுநேரம் விலையைப் பற்றிப் பேசினோம். எங்களால் தொடர்ந்து தாங்க முடியாத விலை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஏத்துறதயே ஏத்துங்க" என்று முடித்துவிட்டாள். நான் இன்னும் முடிக்கவில்லை. விலை இறங்கும் நாளை எதிர்பார்த்திருக்கிறேன்.

ஆக, பை. குளிர்பெட்டியில் இரண்டிலிருந்து ஆறு டிகிரிக்குள் வைத்த பை. அதற்குள் இருப்பவை உட்கருவைத் தள்ளி, மைட்டோகாண்ட்ரியாவைக் கழித்து, எல்லாம் முடித்து வந்த அணுக்கள். அம்மாவின் மஜ்ஜையால் முடிக்க முடியாத வேலையை முகம் தெரியாத யாரோ ஒருவரின் மஜ்ஜை முடித்துக் கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் ரத்ததான முகாமில் நான் குரூப் பார்ப்பதோடு சரி. இப்போது கொடுத்துவிட்டு எழுகிறவர்களிடம் நின்று பேசுகிறேன். கல்லூரிப் பையன்கள், லாரி ஓட்டுநர்கள், ஒருமுறை தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களிடம் அதைவிட அதிக நேரம் பேசுகிறேன். ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பார்க்காமல் நீங்களாக டானிக் வாங்காதீர்கள், இரும்பு குறைந்திருந்தால் டாக்டர் எழுதுவதை விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு இரும்புதான் குறைவு. சித்தியின் சுவரொட்டிக்கு அங்கே இடம் உண்டு.

இந்த மாதமும் அம்மா வந்தாள். குரூப்பையும் பையின் எண்ணையும் செவிலியும் இன்னொருவரும் சத்தம் போட்டு வாசித்துச் சரிபார்த்தார்கள். நான் காலாவதித் தேதியைப் பார்த்தேன், எங்கள் பழக்கம். சொட்டு ஓடத் தொடங்கியதும் அம்மா பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண் அடுத்த வாரம் வீட்டில் கல்யாணம் என்றதும், மண்டபம் எது, சமையலுக்கு ஆள் யார் என்று பேச்சு நீண்டது. என்னைக் கூப்பிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான். கோவில்பட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?